உப்பு பார்க்க ஒரு கிண்ணம்

தன் மீன் குழம்பின் பக்குவத்தை மாடி வீட்டு அக்காவுக்குச் சொன்னபோது, கீழ் வீட்டுக்காரி வெந்தயத்தை மட்டும் விழுங்கிவிட்டாள். கூடப் பிறந்த தங்கைக்கே சொல்லாத ரகசியம், நேற்றுக் குடிவந்தவளுக்கு எதற்கு?

அக்காவுக்கு வேறு ஊர். எதற்கெடுத்தாலும் தேங்காய்ப்பால் ஊற்றுகிற ஊர். புளிக் குழம்பு அவளுக்குக் கைவராது என்று இவள் நிம்மதியாக இருந்தாள்.

மறுநாளே குழம்புக் கிண்ணத்தோடு இறங்கி வந்தாள் அக்கா. “உப்பு பாரும்மா.”

“நல்லா இருக்குக்கா.”

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கிண்ணம். அதற்கும் அதே பதில்தான்.

இன்று மூன்றாவது கிண்ணம். ஒரு வாய் வைத்ததுமே இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சு அசல் இவள் கைக்குழம்பு.

“வெந்தயம் போட்டீங்களா? நான் சொல்லவே இல்லையே.” வாய் தவறி வந்துவிட்டது. “எப்பேர்ப்பட்ட நாக்குக்கா உங்களுக்கு.”

அக்கா சிரித்தாள். “நாக்கா? முன்ன ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட உப்பு, புளி, காரம் எதுவுமே தெரியாம போச்சும்மா.”

“அப்புறம் எப்படி?”

“முதல் நாள் நல்லா இருக்குன்னு உன் வாய் சொல்லிச்சு, முகம் சொல்லல. அடுத்து சீரகம் போட்டுப் பார்த்தேன், அப்பவும் சொல்லல. இன்னிக்கு வெந்தயம் போட்டேன், சொல்லிடுச்சு.”

கீழ் வீட்டுக்காரி அசடு வழிந்ததை மறைக்க இன்னொரு வாய் எடுத்து வைத்தாள்.

“உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மி, இல்ல?” என்றாள் அக்கா.

கம்மிதான். ஆனால் அதை இவள் இன்னும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.