எக்ஸ்பிரஸ் வாத்தியார்

"மூச்சு விட்டுப் பேசவே தெரியாதா சார் உங்களுக்கு?"

கதவைத் தட்டக்கூட இல்லை. நேரே உள்ளே போனவள் நோட்டை மேசைமேல் தொப்பென்று போட்டாள். லீனியர் அல்ஜீப்ரா பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். திமிரைப் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐகன் வேல்யூன்னு சொல்லி வாய மூடல, அதுக்குள்ள ஐகன் வெக்டர் வந்து நிக்குது. அத எழுதி முடிக்கல, போர்டையே அழிச்சாச்சு! கால்ல வெந்நீரக் கொட்டின மாதிரி அப்படி என்ன சார் ஓட்டம்? வீட்டுல உட்கார்ந்து வீடியோவுல படிக்கிறவங்கன்னா அவ்வளவு இளக்காரமா?"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. கல்யாணத்தோடு நின்றுபோன பட்டத்தில் பாக்கி இருந்தது இந்த ஒரே பேப்பர். இதுதான் கடைசி வாய்ப்பு என்று கல்லூரி கறாராகச் சொல்லிவிட்டது. அதுவும் எப்படி? ஒரு பருவத்துப் பாடம் முழுவதையும் விடுமுறையில் ஆறே வாரத்தில் முடித்தாக வேண்டும்.

பாஸானால், இத்தனை வருஷமாக நூலகத்தில் புத்தகம் அடுக்க வைத்திருந்த பள்ளிக்கூடமே வெளியூர்க் கிளையில் அவளைக் கணக்கு டீச்சராக உட்கார வைக்கும். இல்லையென்றால் கடைசிவரை புத்தகம் அடுக்க வேண்டியதுதான்.

கணவர் தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடையை நேரத்தோடு மூடிவிட்டு வந்து, தன் லேப்டாப்பில் அன்றைய வகுப்பைப் போட்டுவிட்டுக் கூடவே உட்காருவார். "நீ கை வச்சா எதையாவது அழிச்சுத் தொலைப்ப. எழுதற வேலைய மட்டும் பாரு" என்பார்.

அவள் பேனாவை விசிறி எறிந்து அழுத நாளெல்லாம் அவளுக்கு மேல் அவர்தான் பேராசிரியரைத் திட்டினார். 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர் வைத்ததும் அவரே. பெயிலாகி மானம் போவதற்கு முன்னால் பாடத்திலிருந்து பேரை எடுத்துவிடு என்று ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி, இன்று வண்டியில் கொண்டுவந்து கல்லூரி வாசலில் இறக்கிவிட்டதும் அவர்தான்.

கைப்பேசி அடித்தது.

"என்னம்மா, பேர எடுத்தாச்சா?"

"இருங்க. இந்தாள நேருக்கு நேரா நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

"அவன்கிட்ட எதுக்குப் பேச்சு? வேணாம்மா, சொன்னாக் கேளு. ஆபீஸ்ல சொல்லிப் பேர எடுத்துட்டு வந்துடு."

பேச்சைத் துண்டித்துவிட்டுப் பேராசிரியரை முறைத்தாள். அவர் இப்போதுதான் வாயைத் திறந்தார்.

"மொதல்ல... நீங்க... உட்காருங்கம்மா."

ஒவ்வொரு சொல்லாக எடுத்து, ஊதி ஆறவைத்துக் கொடுப்பதுபோல் பேசினார். அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது.

"கிண்டலா சார்? மெதுவாப் பேசுங்கன்னா இப்படி இழுத்துக் காட்டறீங்களா? உங்க ஸ்டூடண்ட்ஸும் இப்படித்தான்! சார் ஏன் இவ்வளவு வேகம்னு வாட்ஸ்அப் குரூப்புல கேட்டா, 'இவரா? வேகமா? செம ஜோக் அக்கா'ன்னு கெக்கெக்கேன்னு சிரிக்கறாங்க. சீ போங்கடான்னு குரூப்ப விட்டே வெளிய வந்துட்டேன். அது மட்டுமா? ஒரு மணி நேர வகுப்பு அரை மணியில முடிஞ்சுடுது. முழுச் சம்பளம்தான வாங்கறீங்க?"

பேராசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அரை... மணியா?"

"கடிகாரத்தப் பார்த்துத்தான் சொல்றேன்!"

"நான் எப்பவும்... இப்படித்தாம்மா பேசறது. பசங்க எனக்கு வச்சிருக்கிற பேரு என்ன தெரியுமா? தாலாட்டு."

சொல்லிவிட்டுத் தன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். நேற்று அவளை அழவைத்த அதே வகுப்பைத் தேடியெடுத்து ஓட விட்டார்.

அதே நீலச் சட்டை, அதே போர்டு, அதே மேட்ரிக்ஸ். ஆனால் திரையில் இருந்தவர் ஆமைபோல் நகர்ந்து ஒவ்வொரு எண்ணாக எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்தார். புரிந்ததா என்று கேட்டுவிட்டு, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பவர்போல் நின்றார்.

அவள் தன்னையறியாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நேற்று தலைகீழாக நின்றும் ஏறாத கணக்கு வரிவரியாக மண்டையில் ஏறிக்கொண்டிருந்தது. அட, இவ்வளவுதானா என்று இருந்தது. அப்புறம்தான் மேசைமேல் கிடந்த நோட்டை இழுத்துப் பிரித்துத் திரையோடு ஒப்பிட்டாள்.

"இது வேற வகுப்பு சார். வீட்டுல... வீட்டுல நான் பார்க்கிறது இது இல்ல."

பேராசிரியர் திரையின் மூலையில் எதையோ ஒரு தட்டுத் தட்டினார். உடனே திரையில் இருந்தவர் விசுக்கென்று திரும்பினார், பொரிந்து தள்ளினார், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார், போர்டைப் பரபரவென்று அழித்தார். இத்தனை நாளாக அவள் சாபம் விட்டுக்கொண்டிருந்த ஆள் இவர்தான்.

கைப்பேசி மறுபடி அடித்தது. திரையில் கணவரின் படம் சிரித்தது. அவள் எடுக்கவில்லை.

பேராசிரியர் வீடியோவை நிறுத்திவிட்டு, வழக்கமான நிதானத்தோடு கேட்டார்:

"வீட்டுல... உங்களுக்கு யாரும்மா இதப் போட்டு விடறது?"