இறுதிப் போட்டிக்கு இல்லாதவர்

“வாசிக்கிறன் அக்கா. பிழை இருந்தாச் சொல்லுங்கோ” என்றான் அகிலன், மடிக்கணினித் திரைக்குள்ளிருந்து.

டெக்சாஸின் கேட்டி நகரில் சனிக்கிழமை மாலை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அவனுக்கு ஞாயிறு விடிந்திருந்தது.

றெஜினா சமையலறை மேசையில் இருந்தாள். எதிரே கணவர் கஜமுகன் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். திரையில் முகம் தெரியாதபடி கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்தார்.

அகிலன் அங்கே ஒரு கடலோரச் சிற்றூரில் பள்ளி ஆசிரியன். அந்த ஊரின் பெலிக்கன்ஸ் கூடைப்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதி முடித்திருந்தான்.

தகரக் கொட்டகையில் தொடங்கிய கழகம். கரும்பாலைத் தொழிலாளர்களும் ஆழ்கடல் மீனவர்களும் சேர்ந்து பலகை அடித்து, தளம் போட்டு, தேசிய லீக்வரை தூக்கி நிறுத்திய அணி. ஆட்டம் நடக்கும் இரவுகளில் ஊரில் கடைகள் மூடிக் கிடக்கும்.

இறுதிப் போட்டிக்கு அவர்கள் வந்தது ஒரே ஒரு தடவை.

“போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, அணித்தலைவர் கஜமுகன் அணியைக் கைவிட்டு அமெரிக்காவுக்குப் பறந்தார்.” அகிலன் நிறுத்தாமல் வாசித்தான். “பெலிக்கன்ஸ் ஒரு புள்ளியில் தோற்றது. அடுத்த ஆண்டு விளம்பரதாரர்கள் விலகினார்கள். கழகத்தின் உரிமம் பெரிய நகரமொன்றுக்குப் போனது.”

றெஜினா கணவரைப் பார்த்தாள். போஞ்சி ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தது.

“ஓம். சரிதான்” என்றாள்.

விலை போய்விட்டான் என்று அன்று ஊர் சொன்னது. பூட்டிக் கிடந்த அவர்கள் வீட்டுச் சுவரில் யாரோ சாயத்தால் அதை எழுதியும் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி படம் எடுத்து அனுப்பியபோது இருவரும் அதைப் பார்த்தார்கள். வீட்டு முகவரிடம் சொல்லி வெள்ளையடிக்கச் செய்தார்கள்.

ஏன் போனார் என்று அந்த நேரத்தில் ஒருவர் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பிறகு கேட்டவர்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

“கடைசியா ஒரு படம்” என்றான் அகிலன். “கீழ பேர் போட வேணும்.”

திரையில் அணி முழுவதும் பிள்ளைகளோடு நின்றது. கஜமுகனின் தோளில் ஒரு சிறுமி. கழகத்தின் நீலச் சட்டை அவளுக்கு முழங்கால்வரை வந்திருந்தது. தொப்பி காதுகளை மூடியிருந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு.

“இது உங்கட மகளோ?”

“ஓம். கயல்.”

“ஆ! எங்க இருக்கிறா இப்ப?”

“இஞ்சதான், கிட்ட. ஞாயிறுகளில போய்ப் பார்க்கிறனாங்கள்.”

அகிலனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. படத்தில் இருந்த குழந்தைகள் எல்லாரும் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதப் போவதாகச் சொன்னான். ஒருத்தி தாதி, ஒருவன் விமானி.

“கயலுக்கு இப்ப எத்தின வயசு?”

றெஜினா கணவர் பக்கம் திரும்பினாள்.

“ஆறு” என்றார் கஜமுகன். பேச்சு தொடங்கியதிலிருந்து அவர் சொன்ன முதல் சொல் அது.

அகிலன் சிரித்தான். “அண்ணை, படம் எடுத்தே இருபத்திரண்டு வருசம்!”

“ஓம் தம்பி. வைத்தியத்துக்கெண்டுதான் அந்தக் கிழமை ஹூஸ்டனுக்குக் கொண்டுவந்தனாங்கள்.” கஜமுகன் அடுத்த போஞ்சியை எடுத்தார். “ஆறுக்கு மேல ஏறேல்ல.”

திரையில் அகிலன் அசையாமல் இருந்தான்.

இணையம் நின்றுவிட்டதென்று நினைத்து, றெஜினா எழுந்து போய் வைஃபை பெட்டியைப் பார்த்தாள். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன.