கீழ்க்குரல்

சமோவாவில் மாலை ஜெபநேரம் வந்தால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து பாடுவோம். பாட்டுக்கு மேல்குரலிலிருந்து ஆழமான கீழ்க்குரல் வரை நாலு குரல் வேண்டும். அன்று நானும், தம்பி இயெலெமியாவும், என் மனைவியின் தம்பி மலாக்கியும் மீன்பிடிப் படகில் இருந்தோம். எஞ்சின் நின்றுவிட்டது. மழையில் கரை தெரியவில்லை. பவளப்பாறையில் அலை உடையும் சத்தம் மட்டும் நெருங்கி வந்தது.

மலாக்கி எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான். "பாறையில மோதினா செத்தோம், மச்சான்."

"ஜெபநேரம் ஆச்சு. பாடுடா," என்றேன்.

"கீழ்க்குரலுக்கு ஆளில்லாம எப்படிப் பாடறது?"

"மூணு குரல்ல பாடினா ஆண்டவர் காதப் பொத்திக்குவாரா? உன் குரலுக்கு வேணும்னா பொத்திக்கலாம்," என்றான் இயெலெமியா.

மலாக்கி சிரித்துவிட்டான். பாடினோம்.

இரண்டாவது அடியில் கீழ்க்குரல் சேர்ந்துகொண்டது. ஆழமான ஆண்குரல், மழைக்குள்ளே எங்களுக்கு முன்னால் கேட்டது. நாங்கள் யாரும் பாட்டை நிறுத்தவில்லை. மலாக்கி எஞ்சின் கயிற்றை விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தான். குரல் வந்த திசையிலேயே போனோம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்தது. நாங்கள் போன வழியில் தண்ணீர் அசையவில்லை.

கரையில் இறங்கி, படகை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு, அப்படியே மண்டியிட்டு ஆமென் பாடினோம்.

கீழ்க்குரலும் ஆமென் பாடியது. எங்களுக்குப் பின்னால், காலிப் படகிலிருந்து.