பரம்பரை உடம்புக்கு ஒரு சாட்சி

"சாப்பாட்டைக் குறைச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல மேடம். இது ரத்தத்துல வந்த உடம்பு."

எடை மெஷின்மேல் நின்றபடியே இன்னாசிராஜ் சொன்னார். மெஷின் நூற்றுப் பதினெட்டு காட்டியது. போன மாதம் நூற்றுப் பதினாறு.

சிஞ்சுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூணாற்றில் அந்த ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் அவள்தான். இந்த ஒரு மனிதருக்கு மட்டும் இதுவரை ஐந்து டயட் சார்ட் எழுதிக் கொடுத்தாயிற்று.

"காலையில நடக்கச் சொன்னேனே அண்ணே?"

"முட்டி வலிக்கே மேடம். அதுக்குத்தானே ஆப்பரேஷன்."

சிக்கலே அங்கேதான். எடை தொண்ணூற்றைந்துக்கு இறங்காமல் முட்டியில் கை வைக்க மாட்டேன் என்று கொச்சி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இப்படியே போனால் ஐம்பத்திரண்டு வயதிலேயே மனிதர் படுக்கையோடு கிடக்க வேண்டியதுதான். அந்தக் கவலை அவளுக்கு இருந்த அளவுக்கு அவருக்கு இல்லை. லாட்ஜ் ரிசப்ஷனில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத உத்தியோகம். பதினோரு மணிக்கு நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி, நாலு மணிக்குப் பரோட்டா, இடையிடையே பால் விடாத கட்டன் சாயா, அதில் மூன்று கரண்டி சீனி. கேட்டால், தாடைக்குழி தெரியச் சிரிப்பார். விடைத்த காதுகளும் சேர்ந்து ஆடும்.

"நீங்க ஒரு லெட்டர் தாங்க. பரம்பரை உடம்பு, குறையாதுன்னு எழுதிருங்க. அதைக் கொச்சியில காட்டிக்கிடுதேன்."

"அப்படியெல்லாம் என் இஷ்டத்துக்கு எழுத முடியுமாண்ணே?"

"நம்ப மாட்டீங்கன்னு தெரியும். அதான் சாட்சிக்கு எங்க அண்ணனையே கூட்டியாந்துட்டேன்."

கதவோரம் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாட்டுப்பட்டிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மழையில் நனைந்து வந்தவர். ஒல்லியான ஆள். தலை, காது, தாடை எல்லாம் மப்ளருக்குள். கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன.

"சொல்லுண்ணே, நம்ம அம்மா எப்படி?"

"அம்மா நல்ல கனந்தான்," என்றார் அண்ணன் ஏசுரத்தினம். "எஸ்டேட் லயத்து வீட்டுல இருந்தவரைக்கும் ஒண்ணும் தெரியல. வேலையை விட்டு டவுனுக்கு இவன்கூட வந்தப்புறம் ஊதிருச்சு."

"சித்தி?"

"சித்தியும் அப்படித்தான். திருப்பூருக்குப் போன பெறகு."

இன்னாசிராஜ் கேஸை ஜெயித்தவர்போல் நிமிர்ந்தார். சிஞ்சு விடவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்னண்ணே சாப்பிடுவீங்க?"

"இவன் திங்கதுதான். ரெண்டு தட்டு சோறு. கட்டனுக்கு சீனி மூணு கரண்டி."

"வேலை?"

"தேயிலைக் காட்டுல கவாத்து வெட்டுதேன். விடிஞ்சா மேடு ஏறணும், எறங்கணும்."

"அதான் விஷயம்," என்று சிஞ்சு ஆரம்பிப்பதற்குள் தம்பி கை காட்டி நிறுத்தினார்.

"வேலையில என்ன இருக்கு மேடம்? அண்ணனுக்கு அப்பா உடம்பு வாய்ச்சிருக்கு. எனக்கு அம்மா உடம்பு. ஆளுக்கொரு ரத்தம். இதுக்கு நான் என்ன செய்ய?"

பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு என்று படித்தவள் சிஞ்சு. இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆறு மாதமாகக் கத்திக் கத்தித் தொண்டையும் ஓய்ந்திருந்தது. எக்கேடும் கெடட்டும் என்று லெட்டர்பேடை இழுத்தாள்.

"குடும்ப விவரம் சொன்னவர் ஏசுரத்தினம், அண்ணன்," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே. தம்பியைவிட எத்தனை வயசு மூப்பு நீங்க?"

"வயசா?" ஏசுரத்தினம் எழுந்து வந்தார். "ஏழு நிமிஷம் மேடம்."

குனிந்து கையெழுத்துப் போட வசதியாக அவர் மப்ளரை அவிழ்த்தார். அதே தாடைக்குழியும் அதே விடைத்த காதுகளுமாக உள்ளேயிருந்து இன்னாசிராஜின் முகமே வெளியே வந்தது, பாதி எடையில்.