நெரெய்தாவுக்கு மட்டும் வைத்தியம் இல்லை

“உங்களுக்கெல்லாம் இங்க வைத்தியம் கிடையாதும்மா. எழுந்து கிளம்புங்க!”

வரவேற்பு மேசையில் இருந்த யாமிலா போட்ட சத்தத்தில், மூலையில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த நோயாளிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நெரெய்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சிக்னலில் நின்றிருந்த அவளுடைய காரைப் போன வாரம்தான் ஒரு லாரி பின்னாலிருந்து இடித்துத் தள்ளியிருந்தது. அன்றிலிருந்து கழுத்து திரும்பவில்லை. நசுங்கிய காரை இழுத்துப் போக வந்தவன்தான் இந்தக் கைரோபிராக்டிக் கிளினிக்கின் கார்டைக் கையில் திணித்தான். முதுகு, கழுத்து எலும்புகளைச் சொடுக்கெடுத்துச் சரிசெய்கிற இடம்; பில் நேராகக் கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விடும். இந்த ஹயலியா ஊரில் கார் இடிபட்டால் போலீஸ் வருவதற்கு முன்னால் இந்த மாதிரி ஒரு கார்டு வந்துவிடும்.

இன்று காலை கிளினிக்கிலிருந்து வேனே வந்தது. கணவன் எவெலியோவோடு ஏறி வந்தாள். வந்த இடத்தில் இந்த மரியாதை!

“வீட்டு வாசலுக்கு வேன் அனுப்பிக் கூப்பிட்டுட்டு, இப்பக் கிளம்புன்னா என்ன அர்த்தம்?” என்றாள்.

“பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுத்தை ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. அது இல்லாம இந்தப் பக்கம் காலெடுத்து வைக்காதீங்க.”

“ஓஹோ! அவர் மட்டும் ஸ்கேன் எடுத்துட்டா வந்தாரு?”

கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பிக் கைகாட்டினாள். டொமினோ ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்த பெரியவர், கழுத்துப் பட்டையைக் கழற்றி முழங்காலில் மாட்டி வைத்திருந்தார்.

“என்னை ஏம்மா இழுக்கறே?” என்று அவர் அவசரமாகப் பட்டையைக் கழுத்துக்கு ஏற்றினார்.

“அவரைப் பத்தி உங்களுக்கென்ன? உங்க வேலையைப் பாருங்க,” என்றாள் யாமிலா.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டாக்டர் பசுல்தோ எட்டிப் பார்த்தார். வாய் நிறையச் சிரிப்பு.

“என்ன யாமிலா, என்ன தகராறு? கழுத்துதானே? உள்ள அனுப்பு. ஒரே சொடுக்கு! போகும்போது டான்ஸ் ஆடிக்கிட்டே போவாங்க.”

நெரெய்தாவுக்கு உயிர் வந்தது. நல்ல மனுஷன்! ஒரு பார்வையால் யாமிலாவை எரித்துவிட்டு எழுந்தாள்.

“டாக்டர், ஒரு நிமிஷம்,” என்றாள் யாமிலா. “இந்தம்மா இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, இங்க நடக்கறதையெல்லாம் சொல்லப் போறாங்களாம்.”

டாக்டரின் சிரிப்பு அப்படியே அணைந்தது. “முதல்ல வெளியே அனுப்பு!” கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

“அடிப்பாவி! நான் எப்ப அப்படிச் சொன்னேன்? வாய் கூசாம புளுகறியே!”

எவெலியோதான் அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். நடைபாதை வெயிலில் நின்று அழுதாள்.

“நாயைத் துரத்தற மாதிரி துரத்திட்டா, எவெலியோ!”

“விட்டுத்தள்ளு. கத்தினா வலி இன்னும் ஏறும். வேற கிளினிக்கா இல்ல?”

“விடறதா? அவ கேட்ட ஸ்கேனை எடுத்துட்டு வந்து அவ மூஞ்சியிலயே வீசலைன்னா என் பேரு நெரெய்தா இல்ல!”

பில்லுக்குப் பயந்து விபத்தன்று ஆம்புலன்ஸில்கூட ஏறாதவள், அந்த வீம்பிலேயே டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் ஓடிவந்தார். “அசையாதீங்க! அப்படியே இருங்க!”

கழுத்தெலும்பில் விரிசல்.

“இதுக்கு நடுவுல யாராவது கழுத்தைப் பிடிச்சுத் திருப்பினாங்களா?”

“இல்லையே.”

“பிழைச்சீங்க. திருப்பியிருந்தா கை, கால் ரெண்டும் போயிருக்கும்.”

 

கோடை முழுக்கக் கழுத்தில் கெட்டிப் பட்டை. கன்னி மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் நெரெய்தா இன்னொன்றும் சேர்த்து ஏற்றினாள்.

“இது யாருக்கு?” என்று கேட்டான் எவெலியோ.

“அந்த வாயாடிக்கு. புத்தி கோணல்தான். ஆனா அந்தக் கோணலை வெச்சுத்தானே மாதா என்னைக் காப்பாத்தினா?”

பட்டை கழன்ற பிறகு ஒருநாள், பேக்கரி ஜன்னலில் காபி வாங்க நின்றாள். உள்ளேயிருந்து கோப்பையை நீட்டிய கை சட்டென்று நின்றது.

“அக்கா! கழுத்து எப்படி இருக்கு?”

யாமிலா!

“நீ இங்க என்ன பண்றே?”

“கிளினிக்ல அடுத்த நாளே தூக்கிட்டாங்க. வர்ற ஆளையெல்லாம் விரட்டறேனாம்.”

நெரெய்தாவுக்கு இப்போதுதான் ஏதோ உறைத்தது. “அப்ப… நீ வேணும்னேதான் விரட்டினியா?”

“பின்னே? அவர் எதையும் பாக்க மாட்டாரு. யார் போனாலும் அதே சொடுக்குதான். நான் தன்மையா சொல்லியிருந்தா நீங்களும் கேட்டிருக்க மாட்டீங்க, அவரும் உங்களை விட்டிருக்க மாட்டாரு.”

நெரெய்தா ஜன்னலுக்குள் கையை நீட்டி அவள் கைகளைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் காபிக்கு நின்றவர்கள் முணுமுணுத்ததை அவள் கண்டுகொள்ளவில்லை.

“என் தெய்வமே! எனக்குள்ள இப்படி ஒரு ஆபத்து இருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நர்ஸுக்குப் படிச்சிருக்கியா?”

“படிப்பெல்லாம் இல்லக்கா. நான் அங்க வேலை பார்த்த வரைக்கும், நிஜமாவே வலியோட வந்த ஒரே ஆள் நீங்கதான்!”