வாய் திறக்காத வரகு

பரணில் தொங்கிய சுரைக்குடுக்கைக்குள் விதைவரகு இருந்தது. சாணி பூசி அதை அடைத்தவன் செத்து இரண்டு தலைமுறை ஆயிற்று. வாய்க்கால் வந்ததும் ஊரில் நெல் போட்டார்கள். வாய்க்கால் வற்றியதும் சவுக்கு வைத்தார்கள். வரகு காத்துக்கிடந்தது.

ஒரு நாள் எலி மூச்சிரைக்க ஓடிவந்தது. "வரகக்கா, உன் காலம் திரும்பிடுச்சு! சர்க்கரை வியாதிக்காரங்களுக்கெல்லாம் இப்ப வரகுச் சோறுதான். கீழே ஒரு பை வரகு வந்து இறங்கியிருக்கு."

"நிஜமாவா, திருட்டுப் பயலே? அப்ப என்னையும் விதைப்பாங்க. அந்தப் பையிலேர்ந்து நாலு பேரைக் கூட்டியா, விசாரிப்போம்."

எலி பையைக் கடித்து ஒரு வாய் அள்ளிவந்து குடுக்கைக்கு அடியில் கொட்டியது.

"நீங்க எந்தக் காட்டு வரகு? அங்க மழை உண்டா?"

பதில் இல்லை. மறுபடி கேட்டது. அப்போதும் இல்லை.

"தூங்குறாங்களாடா?"

எலி ஒரு மணியைப் புரட்டிப் பார்த்தது. "மில்லுல தீட்டித் தோலோட முளையையும் சீவிட்டாங்க அக்கா. ஒருத்தருக்கும் உயிர் இல்லை."

அந்நேரம் வீட்டுக்காரர் ஏணியில் ஏறிவந்தார். எலி ஒளிந்துகொண்டது. "இதுலயும் வரகு இருந்தா மில்லுல குடுத்துத் தீட்டிரலாம்" என்று குடுக்கையைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

உள்ளே அத்தனை வரகும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டது. ஒரு மணிகூட அசையவில்லை.

"கனம் இருக்கு, சத்தம் இல்லை. புழுத்துக் கட்டிப்போச்சு" என்று ஜன்னல் வழியாகக் குப்பைமேட்டில் எறிந்தார்.

குடுக்கை உடைந்து சிதறியது. அப்போதும் வரகு மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் மழை விழுந்தது. அதற்குப் பிறகுதான், மண்ணுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மெல்ல வாயைத் திறந்தது.