நிற்காமல் போன கப்பல்

தண்ணீரில் முப்பத்தேழு பேர் மிதந்துகொண்டிருந்தார்கள். கேப்டன் இரண்டு எஞ்சினையும் நிறுத்தினார். கயிற்று ஏணியை இறக்கச் சொல்லி உத்தரவு கொடுத்தார்.

நாலாவது நிமிடம் இடது பக்கத்தில் அடி விழுந்தது. கப்பல் இரண்டாகப் பிளந்து, பதினோரு நிமிடத்தில் நூற்று நாற்பது பேரோடு உள்ளே போனது.

கேப்டன் மவுஸிலிருந்து கையை எடுத்தார். “பாத்தீங்களாம்மா? நின்னா இதுதான் கதி,” என்றார்.

சாப்பாட்டு மேஜையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேப்டனின் மகள் கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய சண்டை அது. முன்னால் போன கப்பலை எதிரியின் நீர்மூழ்கி அடித்துக் கவிழ்த்தது. பின்னால் வந்த கேப்டன், தண்ணீரில் கையாட்டியவர்களைக் கண்ணால் பார்த்தும் நிற்காமல் தன் கப்பலை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரே ஒருவர் கரை ஒதுங்கினார், மற்ற முப்பத்தாறு பேரைக் கடல் கொண்டுபோனது. அதில் இந்த அம்மாளின் புருஷனும் உண்டு, கப்பல் சமையற்காரர்.

கேப்டன் செய்தது சரிதான் என்று விசாரணைக்காரர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அம்மாளுக்கு ஆறவில்லை. எங்கெங்கோ விசாரித்து, முகவரியைப் பிடித்து, இன்று காலையில் வந்து கதவைத் தட்டினாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான். நின்றிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா?

அதற்குக் கேப்டனிடம் பதில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு மகள் வாங்கித் தந்த கடற்போர் விளையாட்டு. விளையாட்டு என்று பேர்தானே தவிர, காற்று, அலை, எஞ்சின் வேகம் எல்லாம் அசல் கணக்கு. நடந்த சண்டையை அதற்குள் ஏற்றி, இப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நடத்திப் பார்த்துவிடலாம்.

எதிரி நாட்டு மொழி மகளுக்கு அத்துப்படி, மொழிபெயர்ப்புதான் அவள் பிழைப்பு. அந்த நாட்டுக்காரர்கள் பழைய குறிப்பேடுகளை வெளியிட்டதும், நீர்மூழ்கியின் குறிப்பேட்டை வரி விடாமல் படித்து, அந்த நாளை ஆட்டத்துக்குள் ஏற்றிக் கொடுத்தவள் அவள்தான். அதன்பின் கேப்டன் இருநூறு தடவைக்கு மேல் நின்று பார்த்துவிட்டார். இருநூறு தடவையும் மூழ்கினார். அதற்கப்புறம்தான் அவருக்கு ஒழுங்காகத் தூக்கம் பிடித்தது.

“அவருக்கு நீச்சலே தெரியாது சார். தெரியும்னு பொய் சொல்லித்தான் வேலைல சேர்ந்தார்,” என்றாள் அம்மாள். “கரை ஒதுங்கினவர் வந்து சொன்னார். நீங்க போனதுக்கப்புறம் மூணு மணி நேரம் பலகையைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தாராம். ‘திரும்பி வருவாங்கடா, நம்ம ஆளுங்கதானே’ன்னு மத்தவங்களுக்குத் தைரியம் வேற சொன்னாராம்.”

கேப்டன் மேஜை விரிப்பின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

“அதை இப்படித் தள்ளுங்க. நான் நிறுத்திப் பாக்கறேன்,” என்றாள் அம்மாள்.

மவுஸ் கைமாறியது. அம்மாள் கப்பலைத் தள்ளி நிறுத்திப் படகை மட்டும் அனுப்பினாள். சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்தாள். நிற்காமல் மெல்ல ஊர்ந்தபடியே கயிறு வீசினாள். எப்படிப் போனாலும் அடி விழுந்தது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நீர்மூழ்கி இருந்த இடம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது.

“கப்பல் அசையுது, படகு அசையுது, பலகைகூட அசையுது,” என்றாள். “இது மட்டும் ஏன் சார் ஆணி அடிச்ச மாதிரி ஒரே எடத்துல உக்காந்திருக்கு?”

“பதுங்கி இருக்கும்மா. எரைக்குக் காத்திருக்கு.”

சமையலறை வாசலில் நின்றிருந்த மகள், டீ ஆறிவிட்டது என்று தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏழாவது தடவை மூழ்கியபோது அம்மாள் மவுஸைத் தள்ளிவைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“முப்பத்தொரு வருஷமா உங்களைச் சபிக்காம ஒரு வாய் சோறு எறங்கினதில்ல,” என்றாள். “இனிமே சபிக்கலை சார். நீங்க நின்னிருந்தா உங்க ஆளுங்க பொண்டாட்டிங்களும் என்னை மாதிரிதானே அலைஞ்சிருப்பாங்க.”

வாசலில் செருப்பை மாட்டியவள், மகளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீ படிச்ச படிப்பு வீண் போகலை என்று வாழ்த்திவிட்டுப் படியிறங்கினாள். மகள் கதவைச் சாத்திவிட்டு, தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமலேயே நின்றாள்.

கேப்டனுக்கு முதுகிலிருந்து மூட்டையை இறக்கியது போலிருந்தது. மற்றக் குடும்பங்களையும் தேடிப்பிடிக்க வேண்டும் என்றார். முப்பத்தைந்து வீட்டுக்காரர்களையும் வரவழைத்து, இதே நாற்காலியில் உட்காரவைத்துக் காட்ட வேண்டும், நாளைக்கே கடிதம் எழுத ஆரம்பிக்கலாம் என்றார். மகள் வந்து, அம்மாள் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கேப்டன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஒரே ஒரு ஆசைம்மா. அந்த நீர்மூழ்கியை எடுத்துட்டு ஒரு தடவை ஆட்டத்தைப் போட்டுக் குடு. பொய்க்குத்தான். பொய்க்காவது அந்தச் சமையற்காரரை ஏத்திக்கறேன்.”

மகளின் கை மவுஸ் பக்கம் போகவில்லை.

“பொய் இல்லப்பா. குறிப்பேட்டுப்படி, நீங்க வர்றதுக்கு முன்னாடியே அது போயிடுச்சு.”